அம்மா எழுந்து நின்ற நாடகம்

அம்மா இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸும் ஓர் ஈஸ்டரும் கடந்துவிட்டன. ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அம்மாவின் வாழ்க்கையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு நாடகம் குறுக்கே வந்து நிற்கிறது. அதைத் தாண்டி எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா குளத்தூரில் பிறந்து, மணமாகிச் செங்கல் என்ற ஊருக்கு வந்தார்கள். அப்பா சீக்கிரமே தவறிவிட, மருத்துவமனை ஒன்றில் ஆயாவாக வேலை பார்த்து அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார்கள். நோயாளி யாராவது இறந்தால், சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை அம்மா கட்டில் பக்கத்திலேயே நிற்பார்கள். வேலை நேரம் முடிந்தாலும் வரமாட்டார்கள். வீட்டில் நாங்கள் பசியோடு காத்திருந்து சலித்துக்கொள்வோம்.

அம்மா ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, நெய்யாற்றின்கரையில் ஒரு மலையாள நாடகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். சபையில் போடும் கிறிஸ்துமஸ் நாடகம் தவிர அம்மா பார்த்த முதல் நாடகம் அது. கதையில் ஒரு தாய் இறந்துபோகிறாள். வெள்ளைத் துணி மூடி நடுமேடையில் கிடக்கிறாள். பிள்ளைகள் ஓரமாக நின்று வீட்டைப் பங்கு வைக்கச் சண்டை போடுகிறார்கள். அப்போது அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "அம்மா, இது நாடகம் ஆக்கும். இரிங்க," என்று கையைப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியும் மக்கா. அவளுக்க பக்கத்துல ஆரும் இல்லியே," என்றார்கள். திரை விழும்வரை உட்காரவில்லை.

முடிவில் எல்லா நடிகர்களும் வணங்க வந்தபோது, இறந்த தாயாக நடித்தவரும் சிரித்தபடி வந்து நின்றார். அம்மா என் தோளைத் தட்டி, "பாத்தியா, எழும்பியாச்சு," என்றார்கள். அவர்களுடைய கண்கள் நிறைந்திருந்தன.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார்கள். எதற்கு என்று போதகர் கேட்டதற்கு, "செத்தவ எழும்பினதுக்கு," என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் குழம்பிப்போய், ஒரு சகோதரியின் சுகத்துக்காக என்று சபையில் வாசித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மாவுக்கு ஓர்மை போவுது. நீ அதைப் பக்தி எண்ணு சொல்லாண்டாம்," என்றார்.

மறதி நோய் என்று பிறகு மருத்துவரும் சொன்னார். அண்ணன் சொன்னதே சரி என்று விட்டுவிடலாம். அப்படியானால் "எனக்குத் தெரியும் மக்கா" என்றார்களே, அதை நான் எங்கே கொண்டு வைப்பது? அது ஆஸ்பத்திரிப் பழக்கமா, நோயின் தொடக்கமா, விசுவாசமா? மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று வாராவாரம் ஆலயத்தில் அறிக்கையிடும் எனக்கு ஒருநாளும் கண் நிறைந்ததில்லை. இதை யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். கடைசி மாதங்களில் அம்மா எங்கள் பெயர்களையும் மறந்தார்கள். நாடகத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், அண்ணன் மட்டும் கல்லறைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டேன்.

"நீ போ மக்கா, நான் வாறேன். அம்மா ஒத்தைக்கு ஆக்கும்," என்றார்.

நானும் போகவில்லை.

அம்மாவைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஜெபித்த சபையாருக்கும், அன்று எங்களோடு வந்து நின்ற செங்கல், குளத்தூர் ஊராருக்கும் எங்கள் நன்றி. மேடையில் எழும்பி வந்த அந்த நடிகையின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி.

மகள்