லொறிக்கு முட்டு

"மச்சான், லொறிக்கு முட்டு" என்று மஸாஹிர் தொலைபேசியில் சொன்னபோது நான் தோஹாவில் ஒரு ஜெனரேட்டரைத் திருத்திக்கொண்டு குந்தியிருந்தேன்.

"எப்ப முட்டுது?"

"லோட் ஏத்தினாத்தான். மேடு ஏறக்குள்ள முட்டு வந்திரும், இழுவையும் போயிரும். வெறும் லொறிக்கு ஒண்டுமில்ல."

எங்கள் புத்தளத்தில் முட்டு என்றால் ஒன்றோடொன்று மோதுவது. இஞ்சினுக்குள் முட்டுகிறது என்றால் அது நல்ல செய்தியல்ல. டீசலைப் பீச்சும் நொசில்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். டீசல் பில்டரை மாற்றச் சொன்னேன். மாற்றினான். டீசல் பம்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். அதையும் செய்துவிட்டு, "முட்டு அப்பிடியே இரிக்கி மச்சான். நீங்கதான் வந்து பாக்கணும்" என்றான். ஓகஸ்டில் எனக்கு லீவு இருந்தது.

சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பனி கடிதம் கொடுத்திருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பதினொரு வருடம் வெளியில் இருந்தவன் திரும்பி வந்து என்ன செய்வது என்று படுக்கும்போதெல்லாம் யோசித்தேன். யோசனை ஒரே இடத்தில்தான் போய் நின்றது. லொறி என் பெயரில் இருக்கிறது. ஆனால் அதன் சாரதி இருக்கையில் மஸாஹிர் இருக்கிறான்.

மஸாஹிர் என் தங்கை நிஸ்ரினின் மாப்பிள்ளை. பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவனுக்கு ஆறு வயது. வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கிய குடும்பம். கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தான். உப்பளத்தில் மூட்டை சுமந்தான். சுமந்த மூட்டைகளோடு லொறிகளின் பின்னால் ஏறிப் போனவன் எங்கள் வாப்பாவின் லொறியில் ஓட்டப் பழகினான். வாப்பா மௌத்தானதும் சாவி அவன் கைக்குப் போனது. அடுத்த வருடம் தங்கையையும் அவனுக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். நானும் சம்மதித்துத்தான் நடந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். நான் கற்பிட்டியில் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். மஸாஹிர் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆகவே நான் பிறந்த வீட்டின் வாசலில் அவனுடைய செருப்பு கிடக்கும். எனக்குக் கதிரையைத் துடைத்துப் போடுவார்கள். அலுமாரியில் இருந்து விருந்தாளிக் கோப்பை இறங்கும். அவனோ குசினிக்குள் போய்ப் பானையில் இருந்து நேரே அள்ளித் தண்ணீர் குடிப்பான்.

லீவில் வந்த முதல் நாள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அதில் பாதி மஸாஹிரைப் பற்றி. மஸாஹிர் கூரைத் தகடு மாற்றினது, மஸாஹிர் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் விடிய நம்பர் எடுத்தது, மஸாஹிர் சொன்ன பகிடி. "மகன் இல்லாட்டி நான் என்ன செய்யிற?" என்றார். எந்த மகன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் உப்பு ஏற்றிக்கொண்டு இருவரும் குருநாகல் வீதியில் போனோம். முதல் ஏற்றத்தில் அவன் சொன்னது போலவே லொறி சோர்ந்தது. வேகம் இறங்கியது, பின்னால் கரும்புகை. கீழே ஏதோ சத்தம்.

"கேக்குதா மச்சான்?"

"கேக்குது" என்றேன்.

பழைய டீசல் இஞ்சினில் முட்டலைத் தேடினால் முட்டல் கேட்கத்தான் செய்யும். எனக்கு டக் டக் என்று நன்றாகவே கேட்டது. அதற்குள் இன்னொரு சத்தமும் கலந்திருந்தது, ஊளை மாதிரி. அதைப் பலகைத் தட்டின் இடுக்கில் அடிக்கும் காற்று என்று தள்ளிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு முட்டல்தான் தேவைப்பட்டது. முட்டல் என்றால் இஞ்சினை இறக்க வேண்டும். இறக்கினால் லொறி மூன்று நாலு மாதம் வீட்டு முற்றத்தில் நிற்கும். அதுவரை மஸாஹிர் சும்மா இருக்க முடியாது; வேறு லொறிக்குப் போவான். டிசம்பரில் நான் வரும்போது இருக்கை வெறுமையாக இருக்கும். ஒருவரையும் எழும்பச் சொல்லத் தேவையில்லை.

"பெயாரிங் போயிட்டு" என்றேன். "இஞ்சின இறக்கணும்."

அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். "இறக்கத்தான் வேணுமா?"

"ஓட்டிக்கொண்டே இருந்தா உள்ளுக்கு எல்லாம் உடையும்."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான். எனக்கு என்ன தெரியும்? பூட்டத் தெரியும், ஓட்டத் தெரியும்."

அவனுடைய அந்தப் பணிவும் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே செய்னுலாப்தீன் ஹாஜியாரிடம் போய் வேலை கேட்டுவிட்டு வந்தான். ஹாஜியாருக்கு நான்கு லொறி. "நாளைக்கே வா எண்டு சொல்றார்" என்று நிஸ்ரினிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஊரில் பாதிப் பேர் வேலை தேடித் திரிகிறார்கள். இவனுக்குக் கேட்ட உடனே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இஞ்சினை இறக்குவதென்று முடிவானது.

வெள்ளி காலை நான் அந்த விருந்தாளிக் கதிரையில் இருந்தேன். உம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குச் சிரமப்பட்டார். அவருக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். மஸாஹிர் குளித்த தலையோடு உள்ளே வந்து, மருந்துப் பம்பைக் குலுக்கி அவர் கையில் கொடுத்தான்.

"உம்மா, முட்டு கூடவா இரிக்கா?"

"இழுப்பு நேத்தையவிடக் கொறவு மகன்."

"முட்டுக்குக் குளிர்த் தண்ணி ஆகாது எண்டு எத்தின தரம் சொன்னன். நீங்க கேட்டாத்தானே. களவா ஐஸ் தண்ணி குடிக்கிற, பிறகு மருமகன்ட தலையில."

உம்மா பம்பை வாயில் வைத்தபடியே அவன் தோளில் ஒரு அடி போட்டார்.

நான் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தேன். நாங்கள் இழுப்பு என்று சொல்வதை மன்னார் ஆட்கள் முட்டு என்கிறார்கள். மூச்சு முட்டுவது. ஒரு மாதமாக அவன் எனக்குச் சொன்னது லொறிக்கு மூச்சு வருத்தம் என்று. நான் நொசிலைக் கழற்று, பம்பைக் கழற்று என்று இஞ்சின் முட்டலுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன் நான்; தங்கை மாப்பிள்ளையின் தமிழ் விளங்கவில்லை.

எனக்கு விளங்காதது உம்மாவுக்கு விளங்கியிருக்கிறது. அதுதான் கூடக் குத்தியது.

மத்தியானம் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பயணிக்கு ஜும்ஆ கட்டாயமில்லை என்று சாட்டுச் சொல்லி நான் போகவில்லை. லொறியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிஸ்ரினைக் கூப்பிட்டேன். "ஏறி எக்ஸிலேட்டர மிதி."

"நானா, எனக்கு லைசன் இல்ல. பொலிஸ் புடிச்சா நீங்கதான் வரணும்."

"வீட்டு முத்தத்துக்கு எந்தப் பொலிஸ் வாரது? மிதி."

நீளச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். காற்றை வடிகட்டும் எயார் கிளீனரில் இருந்து இஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர்க் குழாயில் கையை வைத்தேன். இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றுமில்லை. அவள் பலமாக மிதித்ததும் குழாய் என் கைக்குள் ஒருதரம் சுருங்கியது. அந்த ஊளையும் கேட்டது.

நிற்பாட்டச் சொல்லிவிட்டுக் குழாயைக் கழற்றினேன். வெளியில் புதுக் குழாய் போல மினுங்கியது. உள்ளே ரப்பரின் உட்தோல் உரிந்து தொங்கியது. இஞ்சின் பலமாக மூச்சை இழுக்கும்போது அந்தத் தோல் எழும்பி வழியை அடைக்கிறது. பாரம் இல்லாவிட்டால் அவ்வளவு மிதிக்கத் தேவையில்லை, அது தன் பாட்டில் கிடக்கிறது. அவ்வளவுதான் வருத்தம். விரலை விட்டுத் தடவினேன். கறுப்பு இஞ்சின் ஒயில்.

உப்பு ஏற்றுகிற லொறிக்காரர்கள் துரு பிடிக்காமல் இருக்க அடியில் உள்ள இரும்புக்குக் கழித்த ஒயில் பூசுவார்கள். எல்லோரும் செய்வது. ஆனால் ரப்பருக்குப் பூசுவதில்லை. ஒயில் பட்டால் ரப்பர் ஊதி, தோல் உரியும். மஸாஹிர் ஒரு படி மேலே போய் குழாயின் உள்ளேயும் பூசியிருக்கிறான்.

"என்ன கண்டீங்க?" என்று நிஸ்ரின் கேட்டாள்.

"ஒண்டுமில்ல" என்றேன். குழாயைத் திரும்பப் பூட்டினேன். நான் வாயைத் திறக்காவிட்டால் பின்னேரம் இஞ்சின் இறங்கும்.

ஜும்ஆ முடிந்து அவன் வந்தபோது கூடவே மூன்று நான்கு பேர் வந்தார்கள், இஞ்சின் தூக்கக் கை கொடுப்பதற்கு. கூப்பிடாமலே வந்தவர்கள். "மஸாஹிர்ட லொறியாமே" என்று ஒருவர் கவலைப்பட்டார். என் லொறி என்று அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. "எவ்வளவு நல்லாப் பாத்த லொறி, பாவம்" என்றார் இன்னொருவர். எல்லோருடைய இரக்கமும் அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது. இஞ்சினை இறக்கினால் இன்னும் விழும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இஞ்சினுக்கு ஒண்டுமில்ல" என்றேன் சத்தமாக. குழாயைக் கழற்றி எல்லோருக்கும் முன்னால் நீட்டினேன். "இதுக்குள்ள ஒயில் பூசினது யாரு?"

"நான்தான்" என்றான் மஸாஹிர். "கிழமைக்கு ஒருக்கா. ஈர்க்குல துணி சுத்தி."

"ரப்பருக்கு யாராவது ஒயில் பூசுவாங்களா? உள்ளுக்கு எல்லாம் உரிஞ்சி போயிட்டு. ஒங்கட வேலையாலதான் இவ்வளவும்."

முகம் விழுந்துபோகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். உள்ளே தொங்கிய தோலை ஊதினான், அது படபடத்தது.

"அட அல்லாஹ்! மருந்து குடுத்துக் குடுத்தே நோயாக்கிப் போட்டன்" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வந்தவர்களும் சிரித்தார்கள். "உம்மா, இங்க பாருங்கொ, ஒங்கட மருமகன் செஞ்ச வேலைய!" என்று வீட்டுக்குள் கொண்டுபோய் உம்மாவுக்கும் காட்டினான். உம்மா என்ன சொன்னார் தெரியுமா? "குழாய்க்குள்ளயும் துடைக்கிற ஆள எங்கயாவது கண்டீக்கிறீங்களா?" என்றார்.

அன்றே புதுக் குழாய் வாங்கிப் பூட்டினோம். சனிக்கிழமை காலை முழு லோடோடு அதே வீதியில் போனோம். ஏற்றத்தில் லொறி ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. மஸாஹிர் கியரைக்கூட மாற்றவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவன் நான்.

நிக்கவரட்டிக்குக் கிட்டப் போகும்போது சொன்னேன், வெளியே பார்த்துக்கொண்டு. "டிசம்பரோட எனக்கு வேல முடியுது."

"தெரியும் மச்சான்."

"யாரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. சும்மா லீவுல வந்து திரும்பிப் போற ஆள் லொறிய நிப்பாட்டச் சொல்ல மாட்டாரு. இன்னம் கொஞ்சம் ஓட்டிப் பாப்போம் எண்டுதான் சொல்லுவாரு."

என் காது சூடாகியது. அவன் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, லொறியின் முன்னால் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தான்.

"அங்கால போங்க. இப்பவே ஓட்டிப் பழகுங்க. உப்பு லோட் வளைவுல ஒரு பக்கம் தள்ளும், பாத்து."

"அப்ப நீங்க?"

"ஹாஜியாருக்கு வர மாட்டன் எண்டு இன்னும் சொல்லல்ல. டிசம்பர் வரைக்கும் பொறுங்க எண்டு கேட்டா மனிசன் பொறுப்பாரு."

வேண்டாம் மஸாஹிர், நீங்களே ஓட்டுங்க என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் சொல்லவில்லை. நகர்ந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அது அவன் கையின் சூட்டோடு இருந்தது. முதல் கியரில் லொறி ஒரு குலுக்குக் குலுக்கியது. இரண்டு மைல் போவதற்குள் இடப்பக்க இருக்கையில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான்.

இருக்கையை எடுத்துக்கொண்டவன் நான். அப்படித் தூங்க முடிந்தது அவனுக்கு. குருநாகல் வரும்வரை அடிக்கடி திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.