வாரம் ஒரு கேன் குற்றாலத் தண்ணீர்

என் கணவர் மாரடைப்பில் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாக் காலம், நாலு மாதம் பத்து நாள், முடியும்வரை நான் வீட்டைவிட்டு வெளியே போகவும் கூடாது, அந்நிய ஆண்கள் முன் வரவும் கூடாது. கூடத்தில் அவருடைய மீன்தொட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அமேசான் ஆற்றில் பிடித்த டிஸ்கஸ் மீன் ஜோடி ஒன்று. தென்காசியின் உப்புப் போர் தண்ணீரில் அவற்றின் முட்டைகள் பொரியாது என்று, வாராவாரம் ஆட்டோவில் போய்க் குற்றாலத் தண்ணீர் பிடித்து வருவார்.

அடுத்த வாரம் அந்த ஆட்டோக்காரர் தனியாக வந்து வாசலில் கேனை வைத்தார்.

"அண்ணந்தான் இல்லையே, இனி எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"அண்ணாச்சி இல்ல, சரி. மீனு இருக்குல்லா?"

அதன்பின் ஒரு வாரமும் அவர் தவறவில்லை. நான் தண்ணீரை மாற்றினேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஒரு காலையில் குஞ்சுகள் தாய்மீனின் உடம்பில் ஒட்டி, அதில் ஊறும் வழவழப்பைத் தின்றுகொண்டிருந்தன. என் கணவர் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். அப்போதும் எனக்குக் கண் கலங்கவில்லை. ஆட்டோக்காரரிடம் சொல்லும்படி நாத்தனாரை அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"குஞ்சு பொரிச்சிருக்காம். மைனி சொல்லச் சொன்னா."

"அப்ப அடுத்த வாரம் ரெண்டு கேனாக் கொண்டாரேன்."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நடந்து முடிந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். அடுத்த வாரம் என்று ஒன்று இருப்பதை, நான் முகம்கூடப் பார்த்திராத அவர்தான் முதலில் சொன்னார்.