சார் எப்ப வருவாரு?

கம்ப்யூட்டர் விஷயமாக வந்திருக்கிறோம் என்று என் அக்கா சொல்லி முடிப்பாள். அச்சகமோ, மருந்துக்கடையோ, கண்ணாடிக்கடையோ, கல்லாவில் இருப்பவர் அவள் தலைக்கு மேலாக வாசலைப் பார்ப்பார். அப்புறம் கேட்பார்: "சார் எப்ப வருவாரு?"

எந்த சார்? அவளுக்கு மேலே சார் என்று ஒருத்தரும் கிடையாது. பின்னால் ஹெல்மெட்டும் கையுமாக நிற்கிற நான் அவளுடைய தம்பி. கூரியர் கம்பெனியில் பார்சல் கொடுக்கிறவன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை என்பதால் ஸ்கூட்டரில் அவளைக் கடை கடையாகக் கூட்டிப்போவேன், அவ்வளவுதான். என் போனில் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்றுகூட அவளிடம்தான் கேட்பேன். ஆனாலும் அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும்.

அக்கா மட்டும், "சார்னு யாரும் இல்லீங்க. நான்தான் பாக்கறேன்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்வாள். அந்த நிதானத்தைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு பெரிய ஆபீசில் பதினோரு வருஷம் அத்தனை கம்ப்யூட்டர்களையும் அவள்தான் கட்டி மேய்த்தாள். பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருவனுக்கு. "உங்களுக்குக் குடும்பம் இருக்கு, ராத்திரி பகல்னு கூப்பிட்டா கஷ்டம்" என்று காரணம் சொன்னார்களாம். பதினோரு வருஷமாக ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்டார்களே, அப்போது அந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது? அவ்வளவு உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். மறுநாளே அவள் விலகல் கடிதத்தை நீட்டினாள். புதுத் தலைவன் பெரிய மனசு பண்ணி, "ஆறு மாசம் லீவுன்னு வெச்சுக்கலாம் மேடம். வெளிய சுத்திப் பாத்துட்டு வாங்க. உங்க சீட் அப்படியே இருக்கும்" என்றானாம்.

மாமாவிடம் கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்றார். அந்த 'உன் இஷ்ட'த்துக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணம் ஆனவர்களுக்கெல்லாம் தெரியும்.

அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்: "மாசாமாசம் கூப்பிடற மாதிரி அஞ்சு இடம் கிடைச்சா போதும்டா. ஆறு மாசத்துல அஞ்சு. கிடைக்கலன்னா வாயை மூடிக்கிட்டுப் போய் அவன் கீழ உக்காந்துடறேன்."

அவள் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பல பேர் சேர்ந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒளிக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த சாஃப்ட்வேர். அதைப் போட்டால், தூக்கிப்போட வைத்திருக்கிற பழைய கம்ப்யூட்டரும் எழுந்து நடக்கும். வருஷா வருஷம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். கடைக்கு ஏற்ற மாதிரி போட்டுக்கொடுப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் மட்டும் அக்காவுக்குக் கூலி.

"சாஃப்ட்வேர் சும்மாவா?" என்று கண்ணைச் சுருக்குவார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்வார்கள். இவர்கள் பல்லைப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, "சும்மா குடுத்தா அதுல ஏதோ இருக்கு" என்று மாட்டையே விரட்டிவிடுவார்கள். அதே கடையில் ஓடிக்கொண்டிருப்பது முழுக்க முழுக்கத் திருட்டு நகலாக இருக்கும். அதன்மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

அக்காவிடமும் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் அரை மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒரு முழுத் தாளில் புரியும்படி எழுதிக் கொடுத்துவிடுவாள். "யோசிச்சு சொல்லுங்க" என்பாள். ஒரு பேக்கரிக்காரர் நன்றாக யோசித்தார். அந்தத் தாளைத் தன் மச்சானிடம் கொடுத்து, வரிக்கு வரி அதேபோல் செய்ய வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வழியில் பார்த்தபோது, "ஏம்மா, அதுல நாலாவது வரி மட்டும் புரியல" என்று அவளிடமே கேட்டார். வெட்கம் என்பதே கிடையாதா? இவளும் நடுத்தெருவில் நின்று நாலாவது வரிக்கு விளக்கம் சொன்னாள். அன்றைக்கு நான் ஸ்கூட்டரை உதைத்த உதையில் கிக்கர் வளைந்துவிட்டது.

"இனிமே எழுதிக் குடுக்காதக்கா. ஊமையா இரு."

"எழுதிக் குடுக்கலன்னா என்னை எப்படிடா நம்புவாங்க?"

ஐந்து மாதம் முடிந்தபோது நாலு இடம் தேறியிருந்தது. ஒரு பல் டாக்டர், ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரு அச்சகம், பூச்செடி விற்கிற ஒரு அம்மா. இன்னும் ஒன்றுதான் வேண்டும். அந்த நேரத்தில்தான் பம்ப் கடைக்குப் போனோம்.

தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் விற்கிற பெரிய கடை. மூன்று கவுண்டர், மூன்று கம்ப்யூட்டர். ஒரு வாஷர் இருப்பில் இருக்கிறதா என்று தட்டிவிட்டு டீ குடித்து வந்தால்தான் பதில் வரும். வியாபாரம் நடக்கிற இடம், தேவையும் இருக்கிறது. அக்கா ஆரம்பித்தாள். கடைக்காரர் அவள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

 ஹெல்மெட்டைக் கவுண்டர் மேல் வைத்தேன். "வந்தாச்சு. சொல்லுங்க" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "உங்க சிஸ்டத்துல லோடு அதிகமா இருக்கு" என்றேன். அது எங்கள் கூரியர் ஆபீசில் லேபிள் வராத போதெல்லாம் சொல்கிற வாக்கியம். அர்த்தம் எனக்குத் தெரியாது.

"அதேதான் சார்! நானும் இதைத்தான் சொல்லிட்டே இருக்கேன்!" என்றார் கடைக்காரர். பத்து நிமிஷத்தில் வேலை எங்களுக்குத்தான் என்று முடிவானது. போன் நம்பர் கேட்டார், என் நம்பரைக் கொடுத்தேன். அக்கா அசிஸ்டென்ட் ஆனாள்.

 வீட்டுப் படியேறும்போது நான்தான் ஆரம்பித்தேன். "இப்ப வேலை கிடைச்சுதா இல்லையா?"

"எனக்குக் கிடைக்கலடா. உனக்குக் கிடைச்சிருக்கு."

"அவங்களுக்கு அப்படிச் சொன்னாதான் ஏறும்னா, நாம என்ன பண்றது?"

"போய் உண்மையைச் சொல்லிட்டு வரணும். ஆனா தேதி நெருங்குது, நானும் பேசாம வந்துட்டேன். அதான் எனக்கு வயிறு எரியுது."

மூன்று கம்ப்யூட்டரையும் அவள்தான் மாற்றினாள். மேசைக்கு அடியில் படுத்து வயர் இழுத்தாள், பல ஆயிரம் பாகங்களின் பட்டியலைப் புது சாஃப்ட்வேருக்கு ஏற்றினாள், கவுண்டரில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாஷர் கேட்டால் கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. சனிக்கிழமை நான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். "சார் ஒரு பார்வை பாத்தாலே சரியாயிடுது" என்பார் கடைக்காரர். டீ எனக்கு வரும். சொன்னால் காறித் துப்புவீர்கள், இரண்டாவது வாரத்திலேயே அந்த 'சார்' எனக்கு இனிக்க ஆரம்பித்துவிட்டது.

வேலை முடிந்த அன்று அக்கா பெரிய கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தாளை ஒட்டினாள். "புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். திரை கருப்பாகி எழுத்துகள் ஓடும். அரை மணி நேரம் தொட வேண்டாம். அணைக்கவே கூடாது." கொட்டை எழுத்தில், நாலு பக்கமும் டேப் போட்டு.

முதல் புதன்கிழமை இரண்டே காலுக்கு என் போன் அடித்தது. நான் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி ஏறிக்கொண்டிருந்தேன்.

"சார், ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சு. என்னென்னவோ ஓடுது. அரை மணி நேரம் தொடாதேன்னு உங்க அசிஸ்டென்ட் எழுதி ஒட்டியிருக்கு. வாசல்ல கஸ்டமர் நிக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் பல் டாக்டரிடம் இருந்தாள், போன் பண்ணினால் எடுப்பாள். ஆனால் சார் போய் அசிஸ்டென்டிடம் கேட்பாரா?

"அதை விடுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன்.

ஆஃப் ஆனது. ஆன் ஆகவே இல்லை. மூன்று கவுண்டரும் அந்த ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடின. மூன்றும் நின்றன.

அப்புறம்தான் அக்காவுக்குப் போன் பண்ணினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே அங்கே மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதி மாறியும் மாறாமலும் நின்றுபோனதை அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். பட்டியலை அவள் தினமும் தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுக்கும்படி வைத்திருந்ததால் அது பிழைத்தது. மூன்று மணி நேரம் ஆனது. கடைக்காரர் என் தோளில் கை போட்டு, அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சார். உங்க அசிஸ்டென்ட்தான் ஏதோ சரியா போடல போலிருக்கு."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 

"நான் சாருமில்ல, மண்ணுமில்ல" என்றேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நான் பார்சல் குடுக்கறவன். எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு எழவும் தெரியாது. போட்டது, எழுதி ஒட்டினது, இப்ப சரிபண்றது எல்லாம் இவங்கதான். கெடுத்தது நான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப இத்தனை நாளா என்னை முட்டாளாக்கினீங்களா?"

"முதல் நாளே 'நான்தான் பாக்கறேன்'னு அவங்க சொல்ல வந்தாங்க. நீங்க காதுல வாங்கலயே!"

"நீயும்தான் வாங்கலடா" என்றாள் அக்கா, கையில் இருந்த வயரைப் பார்த்துக்கொண்டே.

கம்ப்யூட்டர் எழுந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். அக்கா கவுண்டரில் எழுதி வைத்திருந்த என் நம்பரை அடித்துவிட்டு அவள் நம்பரை எழுதி வைத்தாள். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறுவதற்கு முன்னால் கேட்டாள்:

"அந்தத் தாளை எழுதினது நான்தான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் 'அதை விடுங்க'ன்னு சொன்ன."

ஆறு மாதமாக ஊரில் இருக்கிற கடைக்காரர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அத்தனை திட்டும் அந்த நடைபாதையில் என் முகத்திலேயே வந்து விழுந்தது. அவர்கள் அவளிடம் கேட்காமல் இருந்திருப்பார்களே தவிர, அவள் சொன்னதைத் தெரிந்தே தள்ளச் சொன்னது நான் ஒருத்தன்தான்.

வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிந்தது. நாலுதான் கையில். ஆபீசிலிருந்து அந்தப் புதுத் தலைவன் செய்தி அனுப்பியிருந்தான்: "அடுத்த வெள்ளி வரை டைம் எடுத்துக்கோங்க மேடம்." பெருந்தன்மையாம். அக்கா ஆபீசுக்குப் போடுகிற செருப்பைத் துடைத்து அவள் வீட்டு வாசலில் வைத்தாள். நான் அந்தச் செருப்பைத் தாண்டித் தாண்டி நாலு நாள் போய் வந்தேன்.

புதன்கிழமை இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு என் போன் அடித்தது. அதே நம்பர்.

"சார், திரும்பக் கருப்பாயிடுச்சு..."

"சார் இல்லீங்க. பார்சல் குடுக்கறவன். அக்கா நம்பர் உங்க கண்ணு முன்னாடி இருக்கு" என்று வைத்தேன். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. யாரோ ஒரு வீட்டு வாசலில் அவர்களுடைய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அடிக்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். "அவர் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார். 'சார் இருக்காரா'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சார் பார்சல் குடுக்கப் போயிருக்கார், நீங்க அந்தத் தாளைப் படிங்கன்னேன். போனை வெச்சுக்கிட்டு சத்தமா படிச்சார். அரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாராம். தானா சரியாயிடுச்சு. மாசாமாசம் வந்து பாருங்கன்னு சொல்லியிருக்கார்."

"நீ என்னை..."

"உன் மேல இன்னும் கோவம்தான். சாப்பிட்டுட்டுப் போ."

வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய ஆபீசுக்கு நான்தான் ஒரு கவர் கொண்டுபோனேன். அந்த வழி எனக்கு ஒதுக்கியதே இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாவது மாடியில், கண்ணாடி அறையில், அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னை அவனுக்குத் தெரியாது. கவரின் மேல் அனுப்பியவர் இடத்தில் அக்காவின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கேட்டான்:

"மேடம் எப்ப வர்றாங்க?"

"வரமாட்டாங்க" என்றேன். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."