ஒன்பதாம் இடம், தாஷ்கண்ட்

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம் மாமல்லபுரத்தில் நடந்தது இது. நான் ரஷ்ய மொழி பேசும் சுற்றுலா வழிகாட்டி, இங்கே டிரைவர்களுக்கெல்லாம் பாய். வீடு செங்கல்பட்டில், பிழைப்பு கடற்கரைக் கோயில் வாசலில். ரஷ்யப் பக்கத்துக் குளிருக்குப் பயந்து வருகிறவர்களை நம்பித்தான் என் தொழில். நவம்பரில் ஆரம்பித்து மார்ச்சில் முடிந்துவிடும். மீதி மாதங்களில் என்ன செய்கிறேன் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நீங்களும் கேட்காதீர்கள்.

எனக்கு அந்த மொழி வந்த கதையே கொஞ்சம் கோணல்தான். பள்ளிக்கூட நாட்களில் செங்கல்பட்டுப் பழைய பேப்பர் கடை ஒன்றில் சோவியத் விளையாட்டு ஆண்டுமலர் ஒன்று கிடந்தது. வழவழப்பான படங்களுக்காக எடுத்து வந்தேன். உள்ளே ஒரு பக்கத்தில் அவர்களுடைய கால்பந்து முதல் பிரிவின் அட்டவணை இருந்தது. எழுபத்தொன்பதாம் வருஷத்து சீசன். பதினெட்டு அணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊர்ப் பெயர். பள்ளி அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இது மாஸ்கோவாக இருக்கும், இது கீவ் ஆக இருக்கும் என்று எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்த்தேன். ரஷ்ய எழுத்துகள் எனக்கு அப்படித்தான் வந்தன. முறையாக வகுப்புக்குப் போனதெல்லாம் பிற்பாடு. அந்த அட்டவணை மட்டும் மனப்பாடமாக மண்டையில் தங்கிவிட்டது.

வழிகாட்டியானதும் அதையே வித்தையாக்கிக்கொண்டேன். வேனில் ஏறியதும் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்பேன். பிறகு மைக்கைப் பிடித்து, முதலிடம் மாஸ்கோ, இரண்டாமிடம் டொனெட்ஸ்க், மூன்று கீவ், நான்கு டிபிலிசி என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அவரவர் ஊர் வரும்போது கை தட்டுவார்கள். மகாபலிபுரத்துப் பல்லவனைப் பற்றி நான் சொன்னதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்திருக்கிறார். எனக்கு அதில் கர்வம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பதினேழு ஊர் வரைதான் என் பங்கு. பதினெட்டாவதை எங்கள் வேன் டிரைவர் சொல்வான். கருங்குழிக்காரன். பத்தொன்பது வருஷம் என்னோடு வண்டி ஓட்டியவன். நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் கேட்டுக் கேட்டு அந்தக் கடைசி ஊர்ப் பெயரை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கத்துவான். அவன் உச்சரிப்பைக் கேட்டு வேனே குலுங்கிச் சிரிக்கும். அவனுக்குப் பக்கத்து சீட் என்னுடையது. பத்தொன்பது வருஷமும் கிழக்குக் கடற்கரைச் சாலையை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. சீசன் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. வேன் ஓனருக்குக் கை ஓடவில்லை. அப்போது சிங்கப்பெருமாள் கோயிலில் வேன் வைத்து எங்களுக்குப் போட்டியாக இருந்தவரே போன் பண்ணி, "உங்க வண்டி நிக்க வேணாம், என் ஆளு ஒருத்தர அனுப்புறேன், ஓட்டட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

வந்தவர் அமைதியான மனிதர். நாற்பது வயதிருக்கும். முதல் நாள் ஓனர் அவர் பெயரைச் சொன்னார், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. போனில் 'புது டிரைவர்' என்று பதிந்துகொண்டேன். கூப்பிடும்போது "டிரைவரே" என்பேன். முன் சீட்டில் உட்காராமல் பின்னால் பயணிகளோடு உட்கார ஆரம்பித்தேன். மதியம் அவர் ஒரு கடையில் சாப்பிட்டால் நான் அடுத்த கடைக்குப் போவேன். சண்டை ஒன்றும் இல்லை. அவர் என் மச்சானின் இடத்தில் உட்கார்ந்திருந்தார், அதுதான் அவர் செய்த குற்றம். அட்டவணையை மட்டும் விடாமல் ஒப்பித்தேன், பதினேழோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த ஜனவரிக் குழுவில் ஒன்பது பேர். கோவளம் பக்கத்து ஓட்டலில் ஏற்றிக்கொண்டோம். அவர்களில் ஒருவர் மட்டும் தாஷ்கண்ட்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். எங்கள் வீட்டுப் பெண்களைப் போலவே இருந்ததால் மனசுக்குள் அக்கா என்று வைத்துக்கொண்டேன். திருவிடந்தை தாண்டியதும் வித்தையைத் தொடங்கினேன். எட்டு வரை வந்து, ஒரு நொடி நிறுத்தி, அவர் பக்கம் கையை நீட்டி, "ஒன்பதாம் இடம், தாஷ்கண்ட். மோசமில்லை" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அர்ச்சுனன் தபசிலும் சரி, ஐந்து ரதத்திலும் சரி, நான் சொன்ன எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டத்தைப் படம் எடுக்க விட்டுவிட்டு, கடற்கரைக் கோயிலுக்கு வெளியே சவுக்கு நிழலில் இளநீர் வாங்கி அவரிடம் கொடுத்தேன். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று கேட்டேன்.

அது எந்த வருஷத்து அட்டவணை என்று தெரியுமா என்றார். தெரியும், எழுபத்தொன்பது என்றேன். அந்த வருஷம் என்ன நடந்தது என்று தெரியுமா என்றார். தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒப்பித்துக்கொண்டிருந்தவனுக்கு அது தெரியாது.

அவர் சொன்னார். சீசன் பாதியில், ஆகஸ்ட் மாதம், தாஷ்கண்ட் அணி ஒரு பந்தயத்துக்காக மின்ஸ்க் ஊருக்குப் பறந்தது. வழியில் வானத்திலேயே இன்னொரு விமானத்தோடு மோதிவிட்டது. விளையாட்டுக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக அணியில் பதினேழு பேர் போய்விட்டார்கள், மற்ற பயணிகளும்தான். ஆனாலும் சீசன் நிற்கவில்லை. எதிராக ஆடிக்கொண்டிருந்த மற்ற அணிகளே தங்கள் ஆட்களைத் தாஷ்கண்டுக்குக் கொடுத்தன. அப்படி வந்தவர்கள் ஆடி முடித்துக் கொடுத்ததுதான் அந்த ஒன்பதாம் இடம்.

அவர் நிறுத்தவில்லை. அவருடைய அண்ணன்தான் அந்த அணியின் பேருந்து ஓட்டுநராம். அன்றைக்கு அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தோடு வீட்டுக்கு வந்தவர். இரண்டு வாரம் கழித்து அதே பேருந்தில் புது ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. யார் எந்த சீட்டில் உட்காருவார்கள் என்று அவருக்கு அத்தனை பேருடைய இடமும் அத்துப்படி. அந்த சீட்டுகளில் வேறு தலைகள் தெரிந்ததைப் பொறுக்க முடியாமல் உள்கண்ணாடியைக் கூரை பக்கம் திருப்பி வைத்துவிட்டே அந்த சீசன் முழுக்க ஓட்டினாராம். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்தவர்களில் ஒரு இளைஞன் மட்டும் தினமும் முதல் ஆளாக ஏறி வணக்கம் சொல்வானாம். பதில் வராது. சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில் அவன் அண்ணனிடம் வந்து கையை நீட்டினான். அண்ணன் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு போய்விட்டது.

"போன வருஷம் அண்ணன் இறந்துபோனார். கடைசி மாதமெல்லாம் அந்தப் பையனைப் பற்றித்தான் பேச்சு. எழவு வீட்டுக்கு உதவ வந்த பிள்ளையை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டேனே என்று அழுவார். அவனைக் கண்டுபிடித்து ஒரு கடிதம் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்குத்தான் அந்த வருஷம் முழுக்க மனப்பாடமாயிற்றே. அவன் யார் என்று சொல்வாயா?" என்று கேட்டார்.

நான் போனை எடுத்தேன். அப்படி வந்தவர்களின் பட்டியல் எங்காவது இருக்கும், தேடிப் பார்க்கலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பட்டியல் அவரிடமும் இருந்தது. பேரன் எடுத்துக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு பெயராக அண்ணனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். இவனா, இவனா என்று. அண்ணனால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவனுடைய பெயரை அவர் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இளநீர்க்காரர் வழுக்கை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். அக்காவிடம் மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, அந்த ஒன்பதை விட்டுவிடாதே, சொல்லிக்கொண்டே இரு, ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லாதே என்றார்.

சாயங்காலம் குழுவை ஓட்டலில் இறக்கிவிட்டோம். அக்கா கடைசியாக இறங்கினார். நேராக முன்பக்கம் போய், டிரைவரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரஷ்ய மொழியில் நன்றி சொன்னார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கே நின்றுகொண்டு வெட்கத்தில் செத்தேன்.

வண்டி செங்கல்பட்டுக்குத் திரும்பியது. காலி வேனில் வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் மச்சானின் நினைவு வந்தது. அவன் இருந்திருந்தால் அந்தக் கதையை அவனிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். அவன் இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்த மாதிரி இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். நானும் இறங்கி அவர் போன கடைக்கே போனேன். இரண்டு டீ சொன்னேன்.

"டிரைவரே, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேரு இன்னா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. "மூணாவது சீசன் ஓடிகினு கீது பாய். எப்பனா நீ கேப்பன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "பாய், ஒண்ணு கேக்கட்டா? அந்த சீட்ட கொஞ்சம் முன்னால இஸ்துக்கவா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். என் மச்சான் ஆறடி ஆள், சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருப்பான். இவர் என் தோள் உயரம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, சீட்டின் நுனியில் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார். பின்னாலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. "அண்ணாத்த வெச்ச எடம். கைய வெச்சா நீ பேஜாராயிடுவன்னு உட்டுட்டேன்" என்றார்.

இழுத்துக்கோங்க என்றேன். சீட் இறுகிப் போயிருந்ததால் அவர் உட்கார்ந்து இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. நகர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். நான் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் அந்தச் சாலையில் என் மச்சானை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை, அந்த ஏக்கம் தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அவன் இல்லாத இடத்துக்கு வந்து எனக்காக வண்டி ஓட்டும் மனிதரின் பெயர் எனக்குத் தெரியும், கடைசிக் காலத்தில் யாரும் பட்டியலை வைத்துக்கொண்டு என்னிடம் இவனா, இவனா என்று கேட்க வேண்டியிருக்காது.