ஒன்பதாவது அட்டை

லிங்கிப் பக்கத்துச் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் பழ லாரிகளை எடைபோட்டுக் கணக்கெழுதும் கிராணி ஹேமநாதன் பேஸ்பால் ஆட்டத்தை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையும் இல்லை. ஆனால் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகரெட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் அட்டைகள் என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். விரல் நீள அட்டை. அதில் மீசைக்காரன் ஒருவன், நூலில் கட்டித் தொங்கவிட்ட பந்தைப் பாய்ந்து பிடிப்பவன்போல் விறைத்துக்கொண்டு நிற்பான்.

“இவனுங்க நமக்கு யாருப்பா?” என்று மகள் ரோகினி கேட்காத வாரமில்லை.

“யாருமில்ல. ஒரே வருஷம் ஆடிட்டுக் காணாமப் போனவனுங்க. அதான்.”

குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். காரணம் சொல்லத் தெரியாத ஆசை அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நீ எதற்குப் படித்தாய் என்று கேட்டால் தன்னிடமும் பதில் இல்லையே என்பது அதைவிட எரிச்சல்.

ஒரே அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒன்பதாமவன் மூன்று வருடத்தில் மூன்று இணைய ஏலங்களில் கை நழுவினான். அமெரிக்காவில் ராத்திரி ஏலம் முடிகிறபோது இங்கே காலை பத்து மணி. நிறுவையில் லாரிகள் வரிசை கட்டும் நேரம். நாலாவது முறை ஹேமநாதன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“கிராணி! அந்த வெள்ளக்காரன் செத்து நூறு வருஷமாச்சு, எங்கயும் ஓடிர மாட்டான். என் பழம் அழுகுது லா!” என்று கத்தினான் லாரிக்கார மணியம்.

“பத்து செகண்டு பொறுடா!”

ஆள் கிடைத்தான்.

பார்சல் வந்து சேர்ந்தது ஆயுதபூசை அன்று. ஹேமநாதன் வேலையில். ரோகினி சிரம்பானில், ஆபீஸ் மீட்டிங்கில். அம்மா தனலெட்சுமி போன் போட்டாள்.

“அப்பாவுக்குப் பார்சல் வந்திருக்கு. பூசையில வைக்கவா?”

“எல்லாத்தையும் வைங்கம்மா! இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?”

பூசைக்கு வைக்கிற சாமானை யாராவது உறையோடு வைப்பார்களா? பிரித்தாள். பாராங் கத்தி, கால்குலேட்டர், மோட்டார் சைக்கிள் சாவி எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் அவனுக்கும் நெற்றியில் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டாள்.

சாயங்காலம் ரோகினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம்.

“எங்கடி அவன் மூஞ்சி? நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஒரு கறை படாம இருந்தவன்டி!”

“ஒரு பொட்டுக்கு இந்தக் கூப்பாடா? தொடச்சா போச்சு.” தனலெட்சுமி முந்தானையை எடுத்தாள்.

“தொடாத! தேச்சா மூஞ்சியே பேந்து வந்துரும்!” மகளைப் பார்த்ததும் அவர் திரும்பினார். “நீயாவது சொல்லும்மா உங்கம்மாவுக்கு. படிச்சவதானே!”

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். போன் பேச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகளும் அப்பாவுக்குத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கலாம். ரோகினியால் முடியவில்லை.

“நான்தான்பா வைக்கச் சொன்னேன். என்ன பார்சல்னுகூடக் கேக்கல.”

ஹேமநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இவன் இன்னொரு தடவ ஏலத்துக்கு வர எத்தன வருஷமாகுமோ,” என்றார். “வர்றப்ப நீதான் உக்காந்து புடிக்கணும்.”

“சரிப்பா.”

“அவன் பேராவது தெரியுமா உனக்கு?”

தெரியாது. மூன்று வருடமாக அவனை வைத்துத்தான் இந்த வீட்டில் சண்டை. அவள் ஒருநாளும் பேரைக் கேட்டதில்லை.