பாதி திரும்பி வந்த டப்பா

லிஃப்ட் மெக்கானிக் மூடிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை நாலாவது மாடியிலிருந்து படி வழியாக உருட்டிவிட்டாலும் ஒரு பருக்கை வெளியே எட்டிப் பார்க்காது. சரி, நாலாவது மாடி என்பது வாய்க்கு வந்த உயரம். இரண்டாவது மாடி என்று வைத்துக்கொள்ளலாம். உருண்டது உண்மை, சிந்தாததும் உண்மை.

ஊரில் இருக்கிற பெரிய கட்டடங்களில் எல்லாரையும் ஏற்றி இறக்குகிற மனிதர், தான் குடியிருக்க மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அதுவும் உச்சி மாடியில் வீடு பிடித்தார். அவர் மனைவி இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. "ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் தூக்கி விடுறீங்க. கட்டின பொண்டாட்டி காய்கறிப் பையோட மூச்சு வாங்குறா."

மூச்சு வாங்கியது படிகளால் இல்லை, நெஞ்சில் இருந்த கோளாறால் என்று தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. மழை தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனவள், மழை விடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மிஞ்சியவர்கள் அவரும் நாலாம் வகுப்புப் படிக்கிற மகளும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, வீட்டில் சிட்டு. அப்பா வேலையிலிருந்து வர இருட்டிவிடும் என்பதால் கழுத்தில் சாவியை மாட்டிக்கொண்டு தானே கதவைத் திறந்துகொள்வாள். எதிர் வீட்டில் ஒரு காது எப்போதும் திறந்தே இருந்ததால் பயமில்லை.

சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டுமே போயிருந்த மனிதருக்கு மகளின் மதியச் சாப்பாடு பெரிய மலையாக வந்து நின்றது. ரொட்டியை ஒரு தாளில் சுற்றினார். முட்டையை இன்னொன்றில். வாழைப்பழத்துக்குக்கூட, ஏற்கெனவே தோல் போர்த்தியிருப்பது போதாதென்று, ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாவற்றையும் மனைவி வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திணித்து அனுப்பினார். வகுப்பு ஆசிரியை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், உங்க பொண்ணு டப்பாவத் திறந்தா பிறந்த நாள் பரிசு பிரிக்கிற மாதிரி இருக்கு. பிரிச்சு முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுது."

"பழகலைங்க, மேடம்."

"பழகிடலாம். அந்த டப்பா வேண்டாம். உள்ள பூரா கீறல், மூடி வெடிச்சிருக்கு, சூடு பட்டுப் பட்டு வெளுத்தே போச்சு. ஸ்டீல்ல ஒண்ணு வாங்குங்க, எத்தனை வருஷம் வேணாலும் உழைக்கும். மிச்சம் இருந்தா இங்க குப்பையில போட விடமாட்டோம், வீட்டுக்கே வரும். பாத்து அளவக் குறைச்சுக்கலாம்."

மெக்கானிக் ஸ்டீல் டப்பா வாங்கினார். இரண்டு பக்கமும் கொக்கி, மூடிக்குள் ரப்பர் வளையம். இயந்திரம் என்று வந்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது. முதல் நாள் சுடச்சுடச் சோற்றைப் போட்டு மூடியதில் உள்ளே ஆவி இறுகி, டப்பாவைத் திறக்கத் தலைமை ஆசிரியரே ஸ்க்ரூ டிரைவரோடு வர வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். மறுநாளிலிருந்து சோற்றைத் தட்டில் பரப்பி, சூடு தணிந்த பிறகே மூடினார். ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றித் தனியாகத் தேய்த்து, காய வைத்து மாட்டினார். தாளும் இல்லை, பையும் இல்லை. பழைய டப்பாவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஃபிரிட்ஜின் மேல் ஏற்றி வைத்தார்.

ஆனால் சோறு பாதி திரும்பி வந்தது.

அவர் வீட்டுக்கு வரும்போது டப்பா சாப்பாட்டு மேசையில், ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே, மூடி திறந்தபடி கிடக்கும். பக்கத்தில் ஒரு சுத்தமான ஸ்பூன். சோற்றில் அதற்குள் வாடை வந்திருக்கும், கொட்டத்தான் வேண்டும்.

"சாப்பிட்ட டப்பாவத் தொட்டியில போட்டா கை தேஞ்சிடுமா? ஸ்பூன் வேற எதுக்கு எடுத்து வெச்சிருக்க?"

சிட்டு ஸ்பூனை எடுத்து அடுக்கில் வைப்பாள்.

"பிடிக்கலையா?"

"பிடிக்குதுப்பா."

"அப்புறம் ஏன் பாதி?"

"போதும்."

வேலையிடத்தில் கூட்டாளியிடம் சொல்லிப் புலம்பினார். அவன் லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டபடியே தீர்ப்பு வழங்கினான்: "அண்ணே, எடை ஏறிப்போனா நம்ம லிஃப்டே நகராது, குழந்தை எப்படி நகரும்? பாதியாக் குறைங்க."

குறைத்தார். அந்தப் பாதியிலும் பாதி வந்தது. காயை மாற்றினார், பருப்பைக் குழைய வேக வைத்தார், முட்டையை வட்ட வட்டமாக நறுக்கினார். மறுபடி குறைத்தார். வைத்தது எவ்வளவானாலும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நடுவில் பிரித்து, ஒரு பக்கம் காலி, ஒரு பக்கம் அப்படியே. முட்டையிலும் பாதி. பழத்திலும் பாதி. வீணாவது குறைந்துவிட்டது என்று ஒருவகையில் அவருக்கு நிம்மதிகூட வந்தது. மகளின் கன்னம் வற்றியதை அம்மா இல்லாத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அவர் பெரிய அலுவலகம் ஒன்றில் லிஃப்டின் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது ஆசிரியை போன் செய்தார். விளையாட்டு மைதானத்தில் சிட்டு தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கை கழுவாமல் ஓடினார். டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை, குழந்தை சரியாகச் சாப்பிடுகிறதா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுப் படிகளில் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டார். நாலு மாடியும் ஏறி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. அவ்வளவு இலேசாக இருந்தாள்.

உள்ளே இறக்கிவிட்டதும் அவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்து ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே வைத்தாள். கொக்கிகளைத் தளர்த்தி மூடியைத் திறந்தாள். அடுக்கிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, புடவை கட்டிய ஒருத்தி வலது கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வைத்தாள். அவ்வளவு நாளும் அவர் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட காரியம் அது.

"யாருக்கு, சிட்டு?"

"அம்மாவுக்கு."

அவர் குனிந்து அவள் ஷூவைக் கழற்றினார்.

"அம்மா நான் வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டாங்கப்பா. ஒரு ஆளுக்குன்னு தனியா எதுக்கு அடுப்பு மூட்டணும்பாங்க. நான் பாதி கொண்டு வருவேன். இங்க உக்காந்து சாப்பிடுவாங்க. முதல்ல முட்டை."

"தினமுமா?"

"தினமும்தான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில், நீ மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டதில்லை.

"நான் கொஞ்சமாத்தானே வெச்சேன். அதுலயும் பாதி வெச்சியே. உனக்குப் பசிக்கலையாடா?"

"பசிக்கும். ஆனா நீங்க டப்பாவ மாத்திட்டீங்க. இது நம்மளோடதுன்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதான் மூடியத் திறந்து வெக்கிறேன்."

மெக்கானிக் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மனைவி போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஸ்பூனை எடுத்தார். முட்டையை முதலில் சாப்பிட்டார். ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்துவிட்டு, "சமைச்சவன் கையில உப்பே இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சிட்டுவின் டப்பா நிறையப் போகிறது, காலியாக வருகிறது. அம்மாவின் பங்கு காலையிலேயே ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் ஃபிரிட்ஜுக்குள் போய்விடுகிறது. ராத்திரி அவர் அதைக் கொதிக்கச் சூடு பண்ணி, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சிட்டு எதிரே உட்கார்ந்து பார்க்கிறாள். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் இப்போது அவள் அம்மாவின் ஹேர்பின்கள் இருக்கின்றன.

எதிர் வீட்டுக்காரியான நான் இதை எழுதிப் படித்துக் காட்டியபோது சிட்டு தரையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டப்பா விழுந்தது மூணே மூணு படி, பாட்டி. சிந்துச்சு. நாந்தான் பொறுக்கினேன்."

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அப்பா அம்மா நாற்காலியில உக்காந்தாரே, அன்னிக்குச் சிரிக்கவே இல்ல. உப்பு இல்லன்னு சொன்னது நான். முழுசாவும் சாப்பிடல. பாதி சாப்பிட்டுட்டு, மீதியை என் பக்கம் தள்ளினாரு."