மூன்று வரிசை அரிதாள்

"இது பிளேடால வெட்டினதா, பல்லால கடிச்சதா?" என்று கேட்டார் தாவரவியல் ஆசிரியை.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். வகுப்பே சிரித்தது. அவர் நகர்ந்ததும் நானும் குனிந்து பார்த்தேன். புல் தண்டின் குறுக்குவெட்டு. ஒரு பக்கம் ஓரம் வழவழவென்று இருந்தது; மறுபக்கம் நார் கிழிந்து வால் போல நீட்டிக்கொண்டிருந்தது.

"மொண்ணை பிளேடு. இந்தப் பக்கத்துலேருந்து இழுத்திருக்கே. கடைசியா அறுபடற இடத்துலதான் நார் நிக்கும்," என்றார்.

நான் வெட்டியபோது அவர் அறையின் அந்தக் கோடியில் இருந்தார். வெட்டியது எப்படி என்பதைத் தண்டே அவருக்குச் சொல்லிவிட்டது. எனக்கு உடனே மாமாவின் வயல் ஞாபகம் வந்தது. மதியமே லீவு சொல்லிவிட்டு வலங்கைமான் பஸ்ஸைப் பிடித்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊர் மிராசுதாரிடம் இரண்டு மா நிலம் குத்தகை. எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. புது ஆட்சி வந்து குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டிருந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் மாமாவை யாரும் கிளப்ப முடியாது. தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயத்தில்தான் அது நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு முழுக்க லாரியில் ஏறிக் கட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தது. மாடு கன்று போடும் நேரம் என்பதால் மாமா மட்டும் வீட்டில் இருந்தார். சாயங்காலம் வயலுக்குப் போனால் குறுவை நெல் இல்லை. இரண்டு மாவும் மொட்டையாகக் கிடந்தது. புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே அவர் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. அது மிராசுதாரின் சொந்தச் சாகுபடியாம், குத்தகை என்று ஒன்று கிடையவே கிடையாதாம். மாமாவும் சொந்தக்காரர் ஏழு பேரும் சேர்ந்து பயிரைத் திருட்டுத்தனமாக அறுத்துக்கொண்டு போனார்களாம். அந்த ஏழு பேரில் மாமாவின் பெண்டாட்டியான அத்தையும் என் அம்மாவும் உண்டு.

ஏழு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி எங்கள் தெரு. எங்கள் தெரு சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? எட்டுப் பேரும் ஜாமீனில் இருந்தார்கள். திருட்டு ருசுவானால் ஜெயில், அதோடு குத்தகையும் போச்சு.

நான் போய் இறங்கியபோது அரிதாள், அதாவது அறுத்தபின் நிற்கும் அடித்தட்டை, அப்படியேதான் நின்றது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து தாளடி நடவு. அரிதாளை மடக்கி உழுதுவிட்டு நடுவதால்தான் அதற்குத் தாளடி என்றே பெயர். மிராசுதார் ஏரைப் பூட்டிவிட்டால் எல்லாம் சேற்றுக்குள் போய்விடும்.

என் முதல் யோசனை, வெளியூர் ஆள் அறுத்திருந்தால் அரிவாள் வேறாக இருக்கும் என்பது. அத்தையிடம் சொன்னேன்.

"அடி கூறுகெட்டவளே, கருக்கரிவாள் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்டி. பல்லு வெச்சதுதான். இதுக்கா பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தே?"

யோசனை அங்கேயே படுத்துவிட்டது. ஆனாலும் வந்தது வந்தாயிற்று என்று வயலில் குந்தி ஒவ்வொரு நாற்றுக் குத்தாகப் பார்த்துக்கொண்டே போனேன். வரப்பில் மிராசுதாரின் காரியக்காரர் நின்றார்.

"என்ன தங்கச்சி, காலேஜுல புல்லு புடுங்கவா சொல்லிக் குடுக்குறாங்க?"

"ஆமாங்க. நீங்க விட்டுட்டுப் போனதைப் புடுங்கச் சொன்னாங்க."

அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

ஆசிரியை சொன்ன அந்த நார் எல்லாக் குத்திலும் ஒரே பக்கத்தில்தான் நின்றது. வயல் நடுவில், ஓர் ஆள் பிடிக்கும் அகலத்தில், மூன்று வரிசையில் மட்டும் எதிர்ப் பக்கத்தில் நின்றது. வரப்பிலிருந்து வரப்பு வரை அப்படியே. நான் அத்தையைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு குத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பீச்சாங்கை."

"என்ன அத்தை?"

"பீச்சாங்கைக்காரன் அறுத்திருக்கான்டி. நம்ம தெருவுல ஏது அப்புடி ஆளு? பக்கத்துல அறுக்குறவ முழங்கால்ல பட்டுடும்னு சின்னதுலயே அடிச்சு மாத்திப்புடுவாங்களே!"

மறுநாள் மாமாவோடு வக்கீல் வீட்டுக்குப் போனேன். நான் கொட்டித் தீர்த்ததைப் பொறுமையாகக் கேட்டார்.

"அதே ஆளு எதிர் வரப்புலேருந்து அறுத்துக்கிட்டு வந்திருந்தா? நார் மாறித்தானே நிக்கும்?"

"தட்டை அறுக்கிற ஆள் பக்கம் சாயும் சார். எல்லாக் குத்தும் ஒரே பக்கம்தான் சாஞ்சிருக்கு. நார் மட்டும்தான் மாறியிருக்கு."

"சரி. நீ நாலு குத்தைப் புடுங்கிட்டு வந்து காட்டினா, அந்த வயல்லதான் புடுங்கினேன்னு யார் சொல்றது?"

மாமா சட்டென்று, "அதனாலதாங்க மூணு வரிசையையும் தொடாம விட்டுட்டு வந்திருக்கோம்," என்றார். ஒரு குத்து என் பைக்குள் இருந்தது. பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

வக்கீல் முன்சீப் கோர்ட்டில் தனியாக ஒரு வழக்குப் போட்டு, வயலை நேரில் பார்த்து எழுதிக்கொடுக்க கோர்ட் சார்பில் ஒரு கமிஷனர் கேட்டார். ஏருக்கு முன்னால் கமிஷனர் வந்துவிட்டார். ஓர் இளம் வக்கீல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி, படம் போட்டு, மூன்று வரிசையிலும் அக்கம்பக்கத்திலும் குத்துக்களைப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து எடுத்துப்போனார். அந்த வாரமே வயலை உழுதுவிட்டார்கள்.

கட்டுகள் கோர்ட்டுக்கு வந்த அன்று மிராசுதார் தரப்பு வக்கீல் எழுந்து கேட்டார்: "பீச்சாங்கைக்காரன் ஒருத்தன் இந்த எட்டுப் பேர்ல இல்லைன்னு எப்படித் தெரியும்? நாளைக்குக் கேட்டா எல்லாரும் வலது கையைத்தான் நீட்டுவாங்க."

நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே போட்டு உருட்டினேன். மூன்றாம் நாள் கொல்லையில் புல் அறுக்க அரிவாளை இடது கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பிடி அறுப்பதற்குள் தோள் விட்டுப்போயிற்று. அறுத்த தட்டையைப் பார்த்தால் ஒன்று நீளம், ஒன்று குட்டை, எல்லாம் பிய்ந்து கிடந்தது. ஆசிரியை பார்த்தால் கடித்ததென்றே முடிவு கட்டியிருப்பார். வயலில் இருந்த மூன்று வரிசை அப்படி இல்லை, கத்தரித்த மாதிரி இருந்தது. பழகாத கையால் அப்படி அறுக்கவே முடியாது. அப்படியானால் எட்டுப் பேரும் ஒரு கையை நீட்டினால் போதாது. கமிஷனர் முன்னால் இரண்டு கையாலும் அறுத்துக் காட்ட வேண்டும். ஒளித்து வைத்த கை எதுவாக இருந்தாலும் அரிதாள் காட்டிக்கொடுத்துவிடும்.

வக்கீலுக்குப் பிடித்துப்போயிற்று. மனு எழுதிவிட்டார். அத்தைதான் மசியவில்லை.

"பீச்சாங்கையால நெல்லறுக்குறதா? லச்சுமிடி அது. ஆகாது."

"கதிரைப் பிடிக்கிறது எந்தக் கை அத்தை?"

அத்தை தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது புடிக்கிற கை. இது அறுக்கிற கை. ரெண்டும் ஒண்ணா?"

"ஜெயிலுக்குப் போனா ரெண்டு கையும் சேந்துதான்டி போவும்," என்றார் மாமா திண்ணமாக. "நான் அறுக்குறேன். நீ பாத்துக்கிட்டு நில்லு."

"நீங்க அறுத்துக் கிழிச்சீங்க," என்றாள் அத்தை. ஆனால் அதற்குப் பிறகு ஆகாது என்று சொல்லவில்லை.

இதை எழுதும்போது மேலத்தெருக்காரர் ஒருவரின் சம்பா பால் பிடித்து நிற்கிறது. அதில் ஒரு மூலையை விட்டுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு இரண்டு பட்டம், அதாவது அறுக்க இரண்டு நீளத் துண்டு; வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. குத்துக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக் கூண்டில் ஏறிச் சொல்ல என் சொல் போதாது, ஆசிரியை வர வேண்டும். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. திங்கட்கிழமை செய்முறை வகுப்பு இருக்கிறது. இடது கையால் அறுத்த புல்லை எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் அவர் நுண்ணோக்கியில் குனியட்டும், பிறகு வாயைத் திறக்கிறேன்.